கலைத்துப் போட்ட பயிற்சி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாட அட்டவணை போடும் கணக்கு ஆசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. ஒரு வகுப்புக்கு வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் உண்டு. அந்த இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துவிடாதீர்கள், செவ்வாய் ஒன்று வெள்ளி ஒன்று என்று பிரித்துப் போடுங்கள் என்பேன். பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். அவர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறவர்கள். பிள்ளைகள் மைதானத்துக்கு வந்து, நெட் கட்டி, இரண்டு சுற்று ஓடி முடிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. சேர்த்துக் கொடுத்தால்தானே உருப்படியாக எதையாவது சொல்லித்தர முடியும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனாலும் நான் பிரித்தேதான் கேட்பேன்.

நான் இருப்பது தென்காசிப் பக்கம், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. எங்கள் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால்தான் விளையாட்டு. ஊருக்கே அந்த மோகம் உண்டு. கோயில் கொடைக்கு மின்னொளியில் வாலிபால் போட்டி நடத்தாத ஊரை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளியில் இருப்பது மண் தரை, இரண்டு இரும்புக் குழாய், ஓரம் பிய்ந்து சணல் கோத்துத் தைத்த நெட், நான்கு பந்துகள். அதில் ஒன்றில் காற்று நிற்காது. இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு எதை எப்போது, எந்த வரிசையில் பழக்குவது என்பதுதான் என் தொழிலின் முக்கால் பங்கு. எதைப் பழக்குவது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எந்த வரிசையில் என்று கேட்பாரில்லை.

பிரித்துப் பழகுவதைப் பற்றி எனக்குப் பிடித்த ஆய்வு, பந்துக்குச் சம்பந்தமே இல்லாதது. பிரிட்டனில் கடிதங்களைப் பிரிக்க இயந்திரங்கள் வந்தபோது அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் ஆலன் பேட்லியும் அவரோடு லாங்மனும் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு மணி நேரம். 1978இல் முடிவு வெளியானது. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், மொத்த மணிக்கணக்கில் பார்த்தால், மற்றவர்களைவிடக் குறைவான நேரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் தங்கள் பயிற்சி முறை பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். பக்கத்துக் குழு சில வாரங்களில் முடித்துவிட்டுப் போகிறது, நாம் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோமே என்ற எரிச்சல். இந்தக் குறைப்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் நான் தினமும் கேட்பது இதைத்தான்.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்குத் தேதி வந்ததும் பத்து நாள் காலையும் மாலையும் பிள்ளைகளைப் போட்டு வாட்டும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. வருடம் முழுக்க நெட்டைச் சுருட்டி அறைக்குள் வைத்திருந்துவிட்டு, கடைசி நேரத்தில் தோள்பட்டை வீங்கும்வரை சர்வீஸ் போடச் சொல்வது. ஒரு பள்ளியில் நான் மாறுதலாகிப் போனபோது இதற்கென்றே பணம் ஒதுக்கி, பால், முட்டை எல்லாம் கொடுத்தார்கள். பாலும் முட்டையும் நல்லதுதான். அந்தப் பத்து நாள் பழக்கம் அடுத்த மாதமே எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இங்கே வந்த பிறகு காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம், வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் என்று வைத்துக்கொண்டேன். மாலையில் நினைத்தாலும் நீட்ட முடியாது. பாதிப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டின பிறகுதான். சில நேரம் போக்குவரத்துக் கழகமே நல்ல பயிற்சியாளராக இருந்துவிடுகிறது.

நாளைப் பிரிப்பது ஒரு பகுதி. அந்த அரைமணி நேரத்துக்குள் எதை எதற்குப் பின்னால் வைப்பது என்பதில்தான் சண்டையே.

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி ஆளுக்கு இருபது சர்வீஸ். அது முடிந்ததும், முன்கைகளைச் சேர்த்துக் கீழிருந்து பந்தைத் தூக்கும் அண்டர்ஹேண்ட் பாஸ் இருபது. பிறகு தலைக்கு மேலே விரல்களால் தள்ளும் பிங்கர் பாஸ். பார்க்க அழகாக இருக்கும். ஆறாவது, ஏழாவது பந்திலிருந்து சர்வீஸ் வரிசையாக நெட்டைத் தாண்டிப் போய் விழும். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்து மகிழ்வார்.

ஆட்டத்தில் சர்வீஸ் அப்படியா வருகிறது? ஆறு பேர் சுழன்று நிற்கிறார்கள். ஒருத்தி சர்வீஸ் போடுகிறாள், அந்தப் புள்ளி கை விட்டுப் போனால் பந்து எதிரணிக்கு. மறுபடி நம் பக்கம் வரும்போது போடுவது அடுத்தவள். மற்ற ஐந்து பேரும் போட்டு முடித்த பிறகுதான் முதலில் போட்டவள் கைக்குப் பந்து திரும்பும். அதற்குள் அவள் பின்வரிசையில் விழுந்து பந்து எடுத்திருப்பாள், முன்வரிசைக்குப் போய் பிளாக்குக்கு எம்பியிருப்பாள், ஸ்மாஷ் ஒன்றைத் தவறவிட்டுத் திட்டும் வாங்கியிருப்பாள். மூச்சு வாங்கக் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றால் நடுவர் விசில் அடிக்கிறார். 8 வினாடிக்குள் பந்தை அடித்தாக வேண்டும். முன்பெல்லாம் சர்வீஸ் தவறினால் பந்து மட்டும்தான் கைமாறும். எந்த அணி சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறையை 1998இல் சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட பிறகு, நெட்டில் அடித்த சர்வீஸ் எதிரணிக்கு இலவசப் புள்ளி. ஆக ஆட்டத்தில் ஒருத்தி போடும் சர்வீஸ்களில் பெரும்பாலானவை முதல் சர்வீஸ்கள். இருபதாவது சர்வீஸ் என்று ஒன்று அங்கே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வரிசையில் நிறுத்தினால் பள்ளியிலேயே அவளுக்கு நிகர் சர்வீஸ் இல்லை. ஆட்டத்தில் மட்டும் வலையிலேயே போய் அடிக்கும். மன தைரியம் போதாது, கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஊர்க் கொடையில் கரகாட்ட மேடைக்குப் பக்கத்திலேயே நின்று கும்மி அடிக்கிற பெண் அவள். ஒரு காலையில் அவள் பக்கவாட்டில் நின்று இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தைத் தாழ்வாகத் தூக்கினாள், நெட்டில் பட்டது. இரண்டாவதைக் கொஞ்சம் உயர்த்தினாள், கோட்டுக்கு வெளியே போனது. மூன்றாவதை இரண்டுக்கும் நடுவில் தூக்கினாள், உள்ளே விழுந்தது. நான்காவதிலிருந்து அந்தக் கை அதே உயரத்துக்கே போய் வந்தது. ஏழாவது பந்துக்கு அவள் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள், பந்து எடுத்துப் போடுகிறவளிடம் பேசிக்கொண்டே அடித்தாள். எல்லாம் உள்ளே. அவள் செய்தது முந்தைய பந்தைத் திருத்தியது. ஆட்டத்தில் திருத்துவதற்கு முந்தைய பந்து எங்கே இருக்கிறது?

இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கையில் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு, நிற்க வைத்திருக்கும் சின்ன மரத்தடுப்புகளைச் சொன்ன வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுக்கப் பழகிவிட்டு இரண்டாவதற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலைத்துக் கொடுத்தார்கள். பழகும்போது முதல் குழுவே வேகம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது கலைத்துப் பழகியவர்கள் முந்தியிருந்தார்கள். 1986இல் குட், மகில் இருவரும் இறகுப்பந்து ஆடிப் பழக்கமில்லாத மாணவிகளுக்குக் குட்டை, நீளம், தட்டை என்று மூன்று சர்வீஸ்களை மூன்று வாரம் பழக்கினார்கள். அங்கேயும் பிறகு வைத்த தேர்வில் கலைத்துப் பழகியவர்களின் கை ஓங்கியது. பழகாத மறுபக்கக் கட்டத்திலிருந்து போடச் சொன்னபோதும் அப்படியே.

1994இல் வந்த பேஸ்பால் ஆய்வுதான் பிள்ளைகளிடம் சொல்ல எனக்குப் பிடித்தது, காரணம் அது ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களிடம் செய்தது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு வழக்கமான பயிற்சிக்கு மேல் வாரம் இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் மட்டையால் அடிக்க 45 பந்துகள். வேகப்பந்து 15, வளைபந்து 15, வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து 15. ஒரு குழுவுக்கு வகை வகையாக, இன்னொரு குழுவுக்கு அடுத்து என்ன வரும் என்றே தெரியாமல். கடைசியில் ஆட்டத்தில் வருவதுபோல் கலைத்து வீசிச் சோதித்தபோது, கலைத்துப் பழகியவர்கள் முன்பைவிட 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள், வகை பிரித்துப் பழகியவர்கள் 25 சதவீதம், கூடுதல் பயிற்சி இல்லாதவர்கள் 6 சதவீதம். பந்துகளின் எண்ணிக்கை இரு குழுவுக்கும் ஒன்றே. வரிசை மட்டும்தான் வேறு.

ஏன் இப்படி என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். பலவற்றை மாற்றி மாற்றிச் செய்யும்போது மனம் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஒன்று. மற்றது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது. நடுவில் வேறு வேலை வந்ததும் கை முந்தையதை மறந்துவிடுகிறது, திரும்ப வரும்போது முதலிலிருந்து யோசித்துக் கட்ட வேண்டியிருக்கிறது, அப்படிக் கட்டிக் கட்டித்தான் அது நிலைக்கிறது. கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பாடத்தின் முடிவில் ஒரே மாதிரி பதினைந்து கணக்கு இருக்கிறது, மூன்றாவது கணக்குக்கு மேல் பிள்ளை கேள்வியைப் படிக்காமலேயே போட்டுவிடுகிறான், அரையாண்டுத் தேர்வில் எல்லாம் கலந்து வரும்போது எந்தச் சூத்திரம் என்று முழிக்கிறான் என்றார். அன்றைக்கு விழுந்த சிநேகம்தான், இன்றுவரை என் பாடவேளைகள் பிரிந்தே வருகின்றன. பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்கு மேல் அவரே அதில் ஒன்றைப் பறித்துக்கொள்கிறார் என்பது வேறு விஷயம்.

எங்கள் காலைப் பயிற்சி இப்போது இப்படி நடக்கிறது. ஒருத்தி சர்வீஸ் போடுவாள், ஒன்றே ஒன்று. போட்டதும் ஓடிப்போய் எதிர்ப்பக்கத்துப் பின்வரிசையில் நின்று அடுத்தவள் சர்வீஸை எடுக்க வேண்டும். எடுத்தது செட்டர் கைக்குப் போனால், அவள் தூக்கிக் கொடுப்பதை முன்னால் நிற்பவள் அடிப்பாள். பிறகு இடம் மாறிச் சுற்றி வந்து மறுபடி சர்வீஸ் கோடு. விசில் நான் அடித்த பிறகுதான் இடத்தைச் சொல்வேன். ஒன்று என்றால் வலது மூலை, ஐந்து என்றால் இடது மூலை, ஆறு என்றால் நடுவில். நான்கு பந்துதான் இருக்கிறது என்ற வறுமை இந்த முறையில் தெரிவதே இல்லை. பழைய முறையில் நான்கு பேர் அடிக்க மற்றவர்கள் கை கட்டி நின்றார்கள்.

ஆடி மாதத்தில் எனக்கு வேலையே குறைவு. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வந்து அறையும். எங்கள் கோர்ட் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கிலிருந்து போட்டால் நேற்று உள்ளே விழுந்த சர்வீஸ் இன்று சுற்றுச்சுவரைத் தேடிப் போகும். கிழக்கிலிருந்து போட்டால் நெட்டுக்கு முன்னாலேயே செத்து விழும். முன்பு காற்று அடித்தால் பயிற்சியை நிறுத்திவிடும் வழக்கம் இங்கே இருந்தது. நான் சாரல் வலுத்தால் மட்டும்தான் நிறுத்துவேன்.

மைதானத்துக்கு ஓர் அண்ணாச்சி வருவார். ஊர் அணியில் நெடுங்காலம் ஸ்மாஷ் அடித்தவர், இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். கடை திறக்கும் முன் வந்து பிள்ளைகளுக்குப் பந்து போட்டு உதவுவார், சம்பளம் கிடையாது. இந்த முறையைத் தொடங்கியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன டீச்சர், நேற்றுவரை நன்றாகப் போட்ட பிள்ளைகள் எல்லாம் இன்று நெட்டிலேயே அடிக்கிறார்களே? ஒன்றை ஒழுங்காகப் பழகவிடாமல் எதற்கு இப்படிக் கலைத்துவிடுகிறீர்கள்?”

“வியாழக்கிழமை வந்து பாருங்கள் அண்ணாச்சி.”

“வியாழக்கிழமை மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?”

அவர் கேட்டது தவறே இல்லை. கண்ணுக்குத் தெரிவது அதுதான். கலைத்துப் பழகும் நாளில் ஆட்டம் அசிங்கமாகத்தான் இருக்கும். பழகுகிறவர்களுக்கே ஏமாற்றமாக இருக்கும். 2001இல் சைமன், பியோர்க் இருவரும் இதையே சோதித்தார்கள். விசைகளை அழுத்தும் ஒரு வேலையைப் பழக்கிவிட்டு, நாளை எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று கேட்டபோது, ஒரே மாதிரி தொடர்ந்து பழகியவர்கள் தங்களைப் பற்றி மிக உயர்வாகச் சொன்னார்கள். மறுநாள் பின்தங்கியது அவர்களே. பிள்ளையின் திருப்தியும் பெற்றோரின் திருப்தியும் தலைமை ஆசிரியரின் திருப்தியும் ஒன்றுசேர்ந்து நம்மைத் தவறான முறைக்கே தள்ளும்.

அதற்காகத்தான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதை முதல் பந்து நோட்டு என்கிறார்கள். ஓடி, கை கால்களைத் தளர்த்தி முடித்ததும், சர்வீஸ் எதுவும் போட்டுப் பார்க்காமல், ஆளுக்கு ஒரே ஒரு பந்து. சொன்ன இடத்தில் விழுந்தால் ஒரு கோடு, இல்லையென்றால் சுழி. பயிற்சியின் முடிவில் எத்தனை உள்ளே போட்டாள் என்பதை நான் எழுதுவதே கிடையாது. நேற்று பழகியது தூங்கி எழுந்த பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று இந்தக் கோடு ஒன்றுதான் காட்டும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பக்கத்தில் முதலில் சுழிகளாக நிறைந்தன. அழுதாள்கூட. இரண்டாம் பருவம் வாக்கில் கோடுகள் அதிகமாகின. அவள் தைரியம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை, விசில் அடித்ததும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கக் கற்றிருந்தாள், அவ்வளவுதான்.

கலைத்துப் பழகுவதே சிறந்தது என்று அறிவியல் முடிவு கட்டிவிட்டதாக மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் மைதானத்தில் பல முறை மங்கிப்போயிருக்கிறது. 1990இல் ஃபிரெஞ்ச், ரிங்க், வெர்னர் மூவரும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதே வாலிபாலில் சர்வீஸ், அண்டர்ஹேண்ட் பாஸ், பிங்கர் பாஸ் மூன்றையும் வெவ்வேறு வரிசைகளில் பழக்கிப் பார்த்தார்கள். குழுக்களுக்கிடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மூன்றும் முழுக்க வேறு வேறு வேலைகள், அதிலும் பிள்ளை கையில் பந்து ஒருமுறை வந்ததுபோல் இன்னொரு முறை வராது. வரிசையாக நின்று அடித்தாலும் அது தானாகவே கலைந்த பயிற்சிதான்.

அதனால்தான் ஆறாம் வகுப்புக்கு நான் கலைப்பதில்லை. நெட்டைத் தாண்டாத கைக்கு இடம் சொல்லி என்ன பயன்? நெட்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நிறுத்தி, கீழ்க்கை சர்வீஸ் மட்டும், போதும் போதும் என்கிறவரை. பந்து தாண்டத் தொடங்கியதும் இரண்டடி பின்னால். கோடுவரை போய்ச் சேர்ந்த பிறகு இரண்டிரண்டாக மாற்றுவேன், பிறகு ஒன்றொன்றாக. இப்படிப் படிப்படியாகக் கலைப்பதற்கு ஆதரவாக போர்ட்டர், மகில் இருவரும் 2010இல் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணாச்சி இப்போது சர்வீஸ் விஷயத்தில் வாய் திறப்பதில்லை. வியாழக்கிழமைகளில் நோட்டை வாங்கி அவரே கோடு போடுகிறார். ஆனால் ஸ்மாஷ் மட்டும் தொடர்ந்து அடித்தால்தான் வரும் என்பதில் இம்மியும் இறங்கிவரவில்லை. ஓடிவரும் மூன்று அடியும் எம்பும் நேரமும் உடம்பில் ஏற வேண்டும், அதற்கு நடுவில் வேறு வேலை கொடுத்தால் கெட்டுவிடும் என்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். புதன்கிழமை முதல் பத்து நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். கால் மணி நேரம் கேட்கிறார். தரப்போவதில்லை.